கேள்வி கேட்கும் கூட்டத்தோடு கடற்கரைக்கு: ராமேஸ்வரம் தீவில் மூன்று நாள்

சில நண்பர்களைக் கடற்கரையில் சும்மா உட்காரச் சொன்னால் அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டார்கள். ஒருவர் அலைக்கும் அலைக்கும் இடையில் எத்தனை விநாடி என்று எண்ணத் தொடங்குவார். இன்னொருவர் மணலில் கால் பதித்ததும் சுற்றிலும் ஈரம் வற்றுவது ஏன் என்று கேட்பார். மூன்றாமவர் பதிலைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட கீக் கூட்டத்துக்குப் பயணம் ஏற்பாடு செய்பவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். “இங்கே வந்துமா?” என்று அடக்கிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் ஆளுக்கொரு மடிக்கணினியோடு அறையில் விட்டுவிடுவார்கள். இரண்டிலும் கடல் வீணாகிப்போகிறது.

அவர்களுக்கு ஓய்வு என்பதே பிடித்த கேள்வி ஒன்றைப் பிடித்தவர்களோடு சேர்ந்து நிதானமாகத் துரத்துவதுதான். ஆகவே இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி எளிது: நாளொன்றுக்கு ஒரு பெரிய கேள்வி, அதைக் கையால் தொட்டு அளந்து பார்க்க ஓர் இடம், மீதி நேரம் முழுவதும் குளியல், மீன், தூக்கம்.

ஏன் ராமேஸ்வரம்?

ஒரே நாளில் இரண்டு கடல்களைப் பார்க்கலாம். தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முதலாவது ஆழமில்லாதது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். தெற்கே போகப்போக மன்னார் வளைகுடா ஆழம் கொள்கிறது. அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், சீறும் தென்கடலை ஆண் கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கடலில் எழுந்துநிற்கும் பாலம், புயல் விழுங்கிய ஊர், பவளத்திட்டுகள், கடல் ஆராய்ச்சி நிலையம், ஏவுகணை விஞ்ஞானி ஒருவர் பிறந்த தெரு என எல்லாமே ஒரு நாள் பயணத் தூரத்துக்குள் இருக்கின்றன. எந்தத் துறைப் பித்து உள்ளவருக்கும் இங்கே ஏதாவது ஒன்று கிடைக்கும்.

எப்போது போவது?

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம்; வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று வலுத்துத் தென்கடல் சீறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் வகை குறைந்து விலை ஏறியிருக்கும்.

வானம் பார்க்கும் ஆசை இருந்தால் பஞ்சாங்கத்தையும் புரட்டுங்கள். நிலவில்லாத இரவு வேண்டும், அதற்காக அமாவாசையன்றே போய்விடாதீர்கள். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுக்கப் பெருங்கூட்டம் வரும். மாசி அமாவாசைக்கு முந்தைய இரவு சிவராத்திரி. அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம். அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்னதாகப் போனால் முன்னிரவு முழுவதும் இருட்டு. நிலவு பின்னிரவில்தான் எழும். கூட்டமும் இருக்காது.

வெயிலைப் பொறுத்துக்கொள்ளும் கூட்டமாக இருந்தால் சித்திரைப் பிறப்பையொட்டி, ஏப்ரல் 14 வாக்கில் போகலாம். அப்போது இந்தத் தீவில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வருவதால், நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. கடிகாரத்தில் 12 மணிக்குப் பார்க்காதீர்கள். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. தீவு அதற்கு மூன்று பாகைக்கும் சற்றுக் கூடுதலாக மேற்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் உச்சிவேளை ஏறத்தாழ 12.13-க்கு வரும்.

கூட்டத்தைப் பிரிப்பது

ஆறு முதல் எட்டுப் பேர் வரை போதும். ஒரே வேனில் போய்விடலாம். கிளம்புவதற்கு முன்பே ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்: வானத்துக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர், பறவைக்கும் உயிரினங்களுக்கும் ஒருவர், பாலத்துக்கும் வரலாற்றுக்கும் ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், கணக்குக்கும் முதலுதவிக்கும் ஒருவர். அந்தத் துறையில் அன்றைய முடிவை அவரே எடுப்பார், மற்றவர்கள் பின்செல்வார்கள். எல்லாம் தெரிந்தவர்கள் நிறைந்த கூட்டத்தில் சண்டை வராமல் இருக்க இது பெரிதும் உதவும்.

இரண்டு விதிகளை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவது, கைப்பேசி கடைசி. ஒரு கேள்வி எழுந்தால் முதலில் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும்; அடுத்து அளந்து பார்க்க வேண்டும்; பிறகு ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்க வேண்டும்; அதற்கும் பிறகுதான் தேடுபொறி. இரண்டாவது, அலுவலக வேலை உள்ளவர் காலையிலேயே நேரத்தைச் சொல்லிவிட்டு அறையில் முடித்துவிட்டு வர வேண்டும். கடற்கரையில் மடிக்கணினியைத் திறக்கக் கூடாது. உப்புக்காற்றும் மணலும் விசைப்பலகைக்குப் பகை என்பது ஒரு காரணம். திறந்தவரைச் சுற்றி இன்னும் இரண்டு பேர் கூடிவிடுவார்கள் என்பது இன்னொன்று.

துணைவரோ குழந்தைகளோ கூட வந்தால், கேள்வியில் பங்கெடுப்பது அவரவர் விருப்பம். குழந்தைகளுக்கு நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுத்தால் அவர்கள்தான் கூட்டத்தின் மிகக் கறாரான அளவையாளர்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

இருகண்ணோக்கி ஒன்று, அளவுநாடா, நிறுத்துக் கடிகாரம், நீரின் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய கைவிளக்கு, பென்சிலும் கெட்டி அட்டை நோட்டும், நீர்புகாப் பைகள், தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர்.

கைப்பேசியில் ஐபி68 என்று போட்டிருந்தாலும் கடலில் இறக்காதீர்கள். அந்தத் தரச்சோதனை நன்னீரில் நடப்பது. கடல்நீர் பட்டுவிட்டால் உடனே அணைத்து, நன்னீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, முழுவதும் உலரும் வரை மின்னேற்றம் செய்யாமல் வையுங்கள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், துடைக்காமல் உலரவிட்டுப் பயனில்லை.

வீட்டிலேயே விட்டுவர வேண்டியவையும் உண்டு. இது எல்லைக் கடற்கரை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட நினைக்காதீர்கள். வெளிநாட்டில் வாங்கிய செயற்கைக்கோள் தொலைபேசி, செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஆகியவற்றை இந்தியாவில் அரசு அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். தனுஷ்கோடிப் பக்கம் கைப்பேசி இலங்கை அலைவரிசையைப் பிடிக்கக்கூடும். பன்னாட்டு ரோமிங்கை முன்பே அணைத்துவையுங்கள்.

முதல் நாள்: உப்புக்காற்றில் இரும்பு எப்படி நிற்கிறது?

முடிந்தால் பாம்பனைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும் ரயிலில் வாருங்கள். இந்தியாவின் முதல் கடற்பாலமான பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலெழுந்தது. அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் வடிவமைப்பு அது. ஊழியர்கள் கையால் சுழற்றித்தான் அதைத் திறந்தார்கள். 1964 புயலில் சிதைந்த பாலத்தை, பின்னாளில் கொங்கண் ரயில்வேயாலும் டில்லி மெட்ரோவாலும் பெயர்பெற்ற இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீரமைத்தது. அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு முழுவதுமாக, கிடைநிலை மாறாமல், செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது.

இறக்கை போல விரிவதற்கும் தளமாக எழுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பேசவே ஒரு மாலை போதாது. எதிர்எடை எங்கே இருக்கிறது, மோட்டார் எவ்வளவு பாரத்தைத்தான் தூக்க வேண்டியிருக்கிறது, காற்று வலுத்தால் என்ன ஆகும் என்று ஊகங்களை எழுதிவைக்கச் சொல்லுங்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால் முழுக் காட்சியும் கிடைக்கும், ஆனால் வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்துவது ஆபத்து. பாம்பன் முனையில் இறங்கிக் கரையிலிருந்து பாருங்கள்.

பிற்பகலுக்கு மண்டபம். 1947 பிப்ரவரி 3 அன்று பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு இங்கேதான் இருந்தது. தலைமையகம் பின்னர் கொச்சிக்குப் போனாலும், மண்டபத்தில் அதன் மையம் இயங்குகிறது. மீன் காட்சியகமும் உண்டு. பார்வை நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் மூங்கில் மிதவைகளில் கடற்பாசி வளர்ப்பதைக் காணலாம். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன்தான் ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்குகிறது. கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பது இந்தக் கரையோரப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் தொழில்.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகம் இருக்கிறது. 2017 ஜூலை 27 அன்று திறந்தார்கள். ஊருக்குள் பள்ளிவாசல் தெருவில் அவர் வாழ்ந்த வீடும் காட்சிக்கூடமாக இருக்கிறது. கணினி முன்னால் வளர்ந்த நண்பர்கள் அந்தச் சிறிய வீட்டை அவசரமில்லாமல் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாம் நாள்: பூமி எவ்வளவு பெரியது?

சூரிய உதயத்துக்கு முன் ஊரின் கிழக்குக் கரைக்குப் போய்விடுங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நிற்க, இன்னொருவர் மணலில் படுத்துக்கொள்ள வேண்டும். நிற்பவர் கண்ணுக்குச் சூரியனின் முதல் விளிம்பு தெரிந்ததும் கடிகாரத்தை ஓட்டி, படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். கண்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் உயர வேறுபாடு இருந்தால் ஏறத்தாழ 10 விநாடி வரும். சூரியன் ஒரு மணிக்கு 15 பாகை நகர்கிறது என்பதை வைத்து அந்த விநாடிகளைக் கோணமாக்கி, உயரத்தின் இருமடங்கைக் கோணத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பூமியின் ஆரம் கிடைக்கும். கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். ஒரு விநாடி பிசகினாலும் விடை ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும்; கீழ்வானக் காற்று ஒளியை வளைப்பதும் சேரும். ஆகவே எல்லோரும் ஜோடி ஜோடியாக அளந்து சராசரி எடுங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் இங்கே கிட்டத்தட்ட நேராக மேலேறும். அதனால்தான் கணக்கு இவ்வளவு எளிதாகிறது. சூரியனை இருகண்ணோக்கியால் மட்டும் யாரும் பார்க்கக் கூடாது.

காலை உணவுக்குப் பிறகு தனுஷ்கோடி. அதன் கோடியிலுள்ள அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 20 கி.மீ.; 2017 முதல் நல்ல சாலை இருக்கிறது. மாலைக்கு மேல் யாரையும் தங்கவிடுவதில்லை. திரும்பும் நேரத்தைச் சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு இந்த ஊரைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கடலோடு போயிற்று. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ஆழமில்லாத கடலில் புயல் தள்ளிவரும் நீர் கீழே இறங்க இடமின்றிக் கரைமேல் குவியும் என்பதே அந்தப் பேரழிவின் காரணங்களில் ஒன்று. தேவாலயத்தின் இடிபாடுகள், ரயில் நிலையத்தின் எச்சங்கள் இன்னும் நிற்கின்றன. முப்பரிமாண மாதிரி செய்யப் படமெடுக்க விரும்புகிறவர்கள் சுற்றி நடந்து எடுக்கலாம். சுவரில் ஏறவோ கல்லைப் பெயர்க்கவோ கூடாது. இது மக்கள் உயிர்விட்ட இடம், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

உப்புக்கடல் இருபுறமும் இருக்க, இங்கே மணலில் சில அடி தோண்டினாலே குடிக்கத் தக்க நீர் ஊறுகிறது. மழைநீர் மணலில் இறங்கி, அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. குடும்பங்கள் பயன்படுத்தும் ஊற்றில் கைவைக்காமல், அவர்களிடம் கேட்டு ஒரு குவளை வாங்கி டிடிஎஸ் மீட்டரில் அளந்து பாருங்கள். கடல்நீரை அளக்க முயலாதீர்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருப்பதால் சாதாரண மீட்டரின் எல்லையைத் தாண்டிவிடும்.

முனையில் நின்றால் இலங்கை தெரியுமா என்று யாராவது கேட்பார்கள். தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தொலைவு. நின்றபடி பார்ப்பவருக்குத் தொடுவானம் நாலரை கி.மீ.தான். கண் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் இந்தத் தொலைவு வந்துவிடும். அக்கரையில் 50 மீட்டருக்கு மேல் உயரமான ஏதாவது இருந்தால் மட்டுமே அதன் உச்சி கண்ணுக்குத் தட்டுப்படும்.

திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில் அருகிலுள்ள நீர்ப்பரப்புகளில் பூநாரைகளைத் தேடுங்கள். வண்டியிலிருந்தே பாருங்கள், நெருங்கிப் போனால் கூட்டமே எழும்பிவிடும்.

ஒரு வேண்டுகோள். ராமர் சேது, மிதக்கும் கல் ஆகியவற்றைப் பற்றிக் கூட்டத்தில் விவாதம் எழும். அதைக் கோயில் வாசலில் வைத்துக்கொள்ள வேண்டாம். வாழ்நாள் வேண்டுதலோடு வந்தவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். அடர்த்திக் கணக்கை இரவு அறையில் போடலாம்.

இரவு: நாம் எங்கே நிற்கிறோம்?

தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது என்பதால், தங்கச்சிமடம் அல்லது மண்டபம் பக்கம், வடக்கே கடல் பார்த்த மொட்டைமாடியுள்ள விடுதியைத் தேர்ந்தெடுங்கள். மாடி விளக்கை அணைக்க முடியுமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும்.

துருவ நட்சத்திரத்தின் உயரமே நாம் நிற்கும் அட்சரேகை. இங்கே அது 9 பாகைக்குச் சற்று மேல். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. தொடுவானத்தில் முஷ்டியின் அடிப்பாகத்தை வைத்தால் அதன் மேல்விளிம்பை ஒட்டி நட்சத்திரம் நிற்கும். தமிழக மாலுமிகள் இராப்பலகை என்ற சிறு பலகையைக் கொண்டு செய்ததும் இந்த அளவீடுதான்.

பிப்ரவரியில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே அகத்தியர் விண்மீன் உச்சத்தில் இருக்கும். மார்ச்சில் நள்ளிரவு தாண்டித் தென்சிலுவை நேராக நிற்கும். அதன் பிறகு ஒரு மணி நேரம் விழித்திருந்தால் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகத் தெரியும். அதில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உள்ளன. ஐரோப்பியக் கண்டத்தின் பெரும்பகுதியிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது.

இரவில் கடற்கரையில் வெள்ளை விளக்கு அடிக்காதீர்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும்; வெளிச்சம் அவற்றைத் திசைமாற்றிவிடும்.

மூன்றாம் நாள்: இந்தத் திட்டில் யாரெல்லாம் வாழ்கிறார்கள்?

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றியது அது. அவற்றில் இரண்டு இப்போது நீருக்கடியில். தீவுகளில் தனியாக இறங்க அனுமதியில்லை. வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாப் படகில் மட்டும் குருசடைத் தீவுக்குப் போகலாம். முதுகெலும்பிகளின் தோற்றத்தை விளக்கும் பாடங்களில் வரும் பலனோகிளாசஸ் புழு வாழும் இடம் இது. விலங்கியல் படித்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அன்றைய தலைவர் அவரே.

காரங்காட்டில் ஊர் மக்களே வனத்துறையோடு சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பை ஆவுளியாவுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. ஆவுளியா என்பது கடற்பசு. கடற்புல்லை மேய்ந்து வாழும் அவற்றில் இன்று மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன.

பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையும் எடுக்காதீர்கள், கடையிலும் வாங்காதீர்கள். படம் போதும்.

மாலையில் மணலில் ஆடுபுலிக் கட்டம் கீறி விளையாடுங்கள். மூன்று புலிக்குக் கூழாங்கல், பதினைந்து ஆட்டுக்கு வெற்றுச் சிப்பி. காற்றில் சீட்டு பறக்கும் இடத்தில் இதைவிட நல்ல ஆட்டம் இல்லை. நிரல் எழுதுகிறவர்கள் புலிக்கு உறுதியான வெற்றிவழி உண்டா என்று இரவெல்லாம் யோசிப்பார்கள்.

கடலில் இறங்கும்போது

அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரு கடலின் நீரோட்டங்களும் மோதும் இடம் அது. உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கரை ஆழமில்லாதது, வாடை ஓய்ந்த காலத்தில் அமைதியானது. அங்கும் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம். ஒருவர் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறலாம். குடித்தவர் இறங்கக் கூடாது.

நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்து, இழுவை விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். திருக்கை மணலில் புதைந்திருக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். சொறிமீன் பட்டால் கையால் தேய்க்காமல், நன்னீர் ஊற்றாமல், கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுங்கள். மூச்சு வாங்கினால் நேரே மருத்துவமனைதான்.

யாரிடம் கேட்பது?

கடலைப் பற்றி இந்தத் தீவில் அதிகம் அறிந்தவர்கள் மீனவர்கள். காற்று எப்போது திரும்பும், எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும், நீரின் நிறம் மாறினால் என்ன பொருள் என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. வலை பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தொந்தரவு செய்யாமல், வேலை முடிந்து தேநீர்க்கடையில் அமரும்போது, “அண்ணே, ஒரு சந்தேகம்” என்று தொடங்குங்கள். செயலி காட்டும் அலை உயரத்தையும் அவர்கள் சொல்வதையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால், அன்று கடலில் இறங்குவதைப் பற்றி அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

சாப்பாட்டுக்கும் இதே வழி. கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்கள். மீனுக்குப் பாம்பன், மண்டபம், தனுஷ்கோடிச் சாலையோரக் கடைகள். அன்று கரைக்கு வந்தது எது என்று கேட்டு அதையே வாங்குங்கள்: நெத்திலி, பாறை, விளமீன், கணவாய், நண்டு. விலையைப் பொரிப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

திரும்பிய பின்

ஒரு வாரத்துக்குள் நோட்டை எல்லோரும் சேர்ந்து படியுங்கள். பார்த்த பறவைகளை ஈபேர்டிலும், கடலுயிர்ப் படங்களை ஐநேச்சுரலிஸ்டிலும் இடமும் தேதியும் குறித்துப் பதிவேற்றுங்கள். ஆய்வாளர்கள் இந்தப் பதிவுகளை உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். பதில் கிடைக்காத கேள்விகளைத் தனியே பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலில் மூன்று கேள்வியாவது இருந்தால், அடுத்த பயணத்துக்கான மூன்று நாளும் திட்டமிட்டாயிற்று.